‘கொழுப்புக் கட்டிதான்’: ஒரு தீர்ப்பின் வரலாறு

தில்லித் தமிழர்க்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முருங்கைக்காயும் வாழையிலையும் சின்ன வெங்காயமும் நெத்திலியும் தேடி அங்குச் செல்லாதவர் நம்மில் குறைவு. அதன் மீன்கடை வரிசையில் செம்பழுப்பு நிறப் பெண்நாய் ஒன்று உண்டு. கருத்தடை செய்யப்பட்டமைக்கு அடையாளமாக அதன் காது நுனி வெட்டப்பட்டிருக்கும். மீன்காரர் அதனைப் ‘பூரி’ என்று அழைப்பார். உண்ணும் பூரி அன்று. பழுப்பு நிறத்தாள் என்பது அப்பெயரின் பொருள்.

சில மாதங்களுக்கு முன் பூரியின் வலப்பக்க விலாவில் ஒரு புடைப்பைக் கண்டேன். மீன்காரரிடம் வினவினேன். “சர்பி கீ காண்ட் ஹை” என்றார். கொழுப்புக் கட்டியாம். கோழிக்கடை இளைஞர் எவனோ கல்லெறிந்ததன் வீக்கம் என்றார். அருகில் அயிலை வாங்கிக்கொண்டிருந்த கேரளத்து அம்மையார் ஒருவர் பெருமூச்சுடன் “கேன்சர்” என்றார். ஒரே கட்டிக்கு மூன்று தீர்ப்புகள். மூவரில் ஒருவரும் நாயைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மீன்காரர் சொன்ன சொற்றொடரைக் கேட்டுவிட்டு என்னால் எளிதாக நகர இயலவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் அதே தீர்ப்பைத் தமிழில் கேட்டிருக்கிறேன். மன்னார்குடிக்கு அருகே எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டுநாய் இருந்தது. அதன் பின்தொடையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. வந்து பார்த்த மருத்துவர் விரலால் அழுத்திவிட்டு, “கொழுப்புக் கட்டிதான், பயப்படாதீங்க” என்றார். நாங்கள் கேட்க விரும்பியதும் அதுவே. கட்டி சில நாள் வீங்கும், சில நாள் சுருங்கும். சுருங்கிய நாள்களில் அம்மா மாரியம்மனுக்கு நன்றி சொன்னார். ஒன்பது மாதம் கழித்து, மலம் கருத்து, மணி உணவை மறுத்த பின்னரே தொலைவிலிருந்த கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். அங்கு ஊசியால் நீரெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர் சொன்ன பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்: மாஸ்ட் உயிரணுக் கட்டி. அடுத்த மாதம் மணி இறந்தது.

பின்னாளில் மொழியியல் பயின்றபோது அப்பெயரின் வரலாற்றைத் தேடினேன். ஒரு கட்டி தீங்கானதா அன்றா என்று மனிதர் எவ்வாறு தீர்மானித்து வந்தனர் என்னும் நெடிய வரலாறு அதனுள் இருந்தது. அதனை இங்கே சுருக்கி எழுதுகிறேன்.

முதலில் மீன்காரரின் சொல். ‘காண்ட்’ என்பது வடமொழிக் ‘கிரந்தி’யின் வழிவந்தது, முடிச்சு என்று பொருள். ஓலைகளை நூலால் முடிந்து சேர்த்தமையால் நூலுக்குக் ‘கிரந்தம்’ என்று பெயர் வந்தது. தமிழில் ‘கிரந்தி’ தோலில் எழும் ஒருவகைப் புண்ணோயின் பெயராயிற்று. கிரந்திநாயகம் என்னும் மூலிகையின் பெயரில் இன்றும் அது வாழ்கிறது. ‘சர்பி’ பாரசீகச் சொல், கொழுப்பைக் குறிப்பது. நம்மிடம் ‘கட்டி’ உண்டு, ‘கழலை’ உண்டு, ‘பிளவை’ உண்டு. எறும்பும் கறையானும் எழுப்பும் ‘புற்று’ உண்டு. வெளியே சிறு மேடு, உள்ளே கிளைத்தோடும் அறைகள்: புற்றுநோய்க்கு இதைவிடப் பொருத்தமான உவமையைக் காண்பது அரிது. கிரேக்கர் நண்டைக் கண்டனர். ஹிப்போகிராட்டசின் மரபில் வந்த ‘கார்க்கினோஸ்’ என்னும் சொல்லுக்குக் கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருப்பதைக் காலென் காரணமாகக் காட்டினார். எல்லா மொழிகளிலும் இப்பெயர்கள் கண்ணும் கையும் அறிந்ததிலிருந்தே பிறந்தன.

கண்ணும் கையும் கற்றதை ஒழுங்குபடுத்திய பழைய நூல்களுள் சுசுருத சங்கிதை முதன்மையானது. அதன் நிதானப் பகுதி ‘கிரந்தி’யையும் ‘அற்புத’த்தையும் பிரித்துப் பேசுகிறது. (இவ் ‘அற்புதம்’ வியப்புக்குரிய அற்புதம் அன்று, ‘அர்புத’ என்னும் வடசொல்.) உருண்டு, அசையாது நின்று, சிறிதே வலித்து, ஆழ வேரூன்றி, மெல்ல வளர்ந்து, பழுத்து உடையாதிருப்பது அற்புதம் என்கிறது. மெல்ல வளர்வதையும் வலியின்மையையும் அந்நூல் நற்குறிகளாகக் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. நாமோ இன்றும் “வலிக்கவில்லையே, ஒன்றும் இராது” என்கிறோம். கொழுப்பிலிருந்து எழும் கட்டியையும் சுசுருதர் தனியே வகுத்துள்ளார். அது வழுவழுப்பானது; உடல் பெருத்தால் பெருக்கும், மெலிந்தால் சுருங்கும்; உடைந்தால் நெய்யைப் போன்று ஒழுகும். கொழுப்புக்கு அவர் ஆண்ட சொல் ‘மேதஸ்’. இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய கால்நடை மருத்துவரும் கையிலிருந்தே தொடங்குகிறார். கட்டி தோலோடு நகர்கிறதா, அடியில் ஒட்டியிருக்கிறதா? மென்மையா, கடினமா? புண்ணாகியுள்ளதா? எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு விரைவில் வளர்ந்தது? இவை வேண்டிய வினாக்களே. முதிய நாயின் மார்பிலோ வயிற்றிலோ அக்குளிலோ மென்மையாக நகரும் கட்டி கொழுப்புக் கட்டியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. இளம் நாயின் முகத்திலோ காதிலோ சிவந்த பொத்தானைப் போல் திடீரென எழுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே மறைந்துவிடும். ஆயினும் ‘வாய்ப்பு மிகுதி’ என்பதும் ‘பெரும்பாலும்’ என்பதும் ஊகங்களே. மணியின் கட்டியும் மென்மையாகத்தான் இருந்தது. தோலோடு நகரத்தான் செய்தது.

கையின் எல்லையைக் கடக்க வழி காட்டியது ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பால் எர்லிக் என்னும் இளைஞர், திசுக்களுக்குச் சாயமேற்றும் முறை குறித்துத் தம் ஆய்வேட்டை அளித்தார். அப்போது அவருக்கு வயது 24. ஜெர்மானியத் தொழிற்சாலைகள் துணிக்காக உருவாக்கிய அனிலின் சாயங்களை அவர் உடலின் திசுக்களில் இட்டுப் பார்த்தார். சில உயிரணுக்கள் குருணை குருணையாக நிறமேற்றன. அக்குருணைகள் உயிரணு மிகையாக உண்டு சேமித்த ஊட்டம் என்று கருதி, அவற்றுக்கு ‘மாஸ்ட்செல்லன்’ என்று பெயரிட்டார். ஜெர்மன் மொழியில் ‘மாஸ்ட்’ என்பது கால்நடைகளைத் தீனியிட்டுக் கொழுக்க வைத்தல். இச்சொல்லை வடமொழி ‘மேதஸ்’ உடன் உறவுபடுத்தும் சொல்லாய்வாளரும் உளர். ‘அனிலின்’ என்னும் பெயரோ நம் ‘நீல’மே. 1826-இல் அப்பொருளை அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தே முதன்முதலாகப் பெற்றனர். வடமொழி ‘நீலி’ அரபியில் ‘அந்நீல்’ ஆகி, போர்ச்சுகீசியத்தில் ‘அனில்’ ஆகி, ஜெர்மன் வேதியியலுள் நுழைந்தது.

எர்லிக் கண்ட உயிரணு உண்மை. அவர் இட்ட பெயர் பிழை. அக்குருணைகள் ஊட்டம் அல்ல. 1937-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அவற்றில் குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கண்டனர். 1950-களின் தொடக்கத்தில் ரைலி, வெஸ்ட் ஆகியோர் ஹிஸ்டமின் இருப்பதை நிறுவினர். கொசுக்கடி தடிப்பதும் ஒவ்வாமையில் உடல் அரிப்பதும் இதன் வேலையே. இவ்வுயிரணு கட்டுமீறிப் பெருகும்போது உண்டாவதே மாஸ்ட் உயிரணுக் கட்டி. நாய்களின் தோல் கட்டிகளில் 16 முதல் 21 விழுக்காடு இவ்வகை என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன.

இதனை அறிந்தபின் மணியின் ஒன்பது மாதங்கள் வேறு வகையில் விளங்கின. கட்டியிலிருந்து ஹிஸ்டமின் வெளிப்படும் நாளில் அது வீங்கும். அடங்கும் நாளில் சுருங்கும். நாங்கள் குணமென்று மகிழ்ந்தது நோயின் குறி. குருதியில் கலந்த ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கிப் புண்ணாக்கும். அப்புண்ணிலிருந்து கசிந்த குருதியே மலத்தைக் கருக்க வைத்தது. அழுத்திப் பிசைந்தால் குருணைகள் மேலும் வெளிப்படும். பாட்டி அன்போடு நாள்தோறும் அதில் விளக்கெண்ணெய் தேய்த்துவந்தார்.

இக்கட்டிக்குத் தனக்கென்று ஒரு தோற்றம் இல்லை. சிவந்த பருவாகவும், மயிர் உதிர்ந்த தழும்பாகவும், தோலுக்கடியில் கொழுப்புக் கட்டியைப் போலவும் வரும். ‘கொழுத்த உயிரணு’ என்று பிழையாகப் பெயர்பெற்ற ஒன்று, கொழுப்பைப் போலவே தோன்றி ஏமாற்றுகிறது. கையால் இதனைப் பிரித்தறிய முடியாது. பிரித்தறிவது ஊசியும் சாயமும் நுண்ணோக்கியுமே.

அந்த ஊசியின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1891-இல் ரோமானாவ்ஸ்கி என்னும் உருசிய மருத்துவர் மெத்திலின் நீலத்தையும் ஈயோசினையும் கலந்து மலேரியாக் கிருமிக்குச் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். 1901-இல் வில்லியம் லீஷ்மன் அதனை எளிதாக்கினார். இந்திய ஆய்வுக்கூடங்களில் இன்றும் ‘லீஷ்மன் சாயம்’ அன்றாடப் பொருள். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுருக்களைப் பற்றி லீஷ்மன் 1903 மே மாதம் எழுதினார். சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் அதே ஆண்டு ஜூன் 17 அன்று காய்ச்சலுற்ற ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி, எடுத்த துளியைக் கண்ணாடியில் பரப்பிச் சாயமேற்றி, அதே உருக்களைக் கண்டார். காலா அசார் நோயின் கிருமி ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயர்பெற்றது அதனால்தான். உயிருள்ள உடலில் ஓர் ஊசிக்குத்து, ஒரு துளி, ஒரு சாயம், ஒரு விடை. இன்று நாயின் கட்டியில் செய்வதும் அடிப்படையில் இதுவே. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1903-இல்தான். ஆயினும் காலனிய ஆட்சியில் கால்நடை மருத்துவத்தின் கவனம் படைக்குதிரையின் மீதும் உழவு மாட்டின் மீதும் இருந்தது.

காய்ச்சலிலிருந்து கட்டிக்கு ஊசி வந்தது நியூயார்க்கில். 1930-இல் மெமோரியல் மருத்துவமனையின் மார்ட்டின், எல்லிஸ் ஆகிய இருவரும் ஊசியால் கட்டியின் உயிரணுக்களை உறிஞ்சிக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். அமெரிக்காவில் அதற்கு வரவேற்பு இல்லை. ஊசி வழியே புற்று பரவிவிடும் என்று அஞ்சினர். சில உயிரணுக்களைக் கொண்டு தீர்ப்பளிக்க நோய்க்கூறியலாளர் தயங்கினர். 1950-களிலும் 60-களிலும் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் அதனை மீட்டெடுத்து உலகுக்குப் பரப்பினர். “குத்தினால் பரவிவிடும்” என்னும் அச்சம் மட்டும் நம் ஊர்களில் இன்றும் தங்கியிருக்கிறது. மெல்லிய ஊசியால் தோல் கட்டி பரவுவது மிக அரிது. குத்தாமல் விட்டதனால் பரவியது ஏராளம்.

ஊசி ‘இன்னது’ என்று சொல்லும். ‘எவ்வளவு தீயது’ என்று அறியக் கட்டியை அகற்றித் திசுவை ஆராய வேண்டும். 1984-இல் அமியா பட்நாயக்கும் அவர்தம் கூட்டாளிகளும் நியூயார்க்கில் 83 நாய்களின் மாஸ்ட் உயிரணுக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றை மூன்று தரங்களாகப் பகுத்து, எத்தரத்து நாய் எவ்வளவு காலம் வாழ்ந்தது என்பதோடு பொருத்திக் காட்டினர். ஒடிசாவின் குடும்பப்பெயர் ஒன்று உலகெங்கும் கால்நடை நோய்க்கூறியல் அறிக்கைகளில் வழங்குவது இதனால்தான். பின்னர் 2011-இல் 95 கட்டிகளை 28 நோய்க்கூறியலாளரிடம் காட்டித் தரம் கேட்டனர். மூன்றாம் தரத்தில் அவர்களின் ஒற்றுமை 75 விழுக்காடு. முதல் இரண்டு தரங்களில் 64-க்கும் குறைவு. ஆகவே உயர்தரம், தாழ்தரம் என இரண்டே பிரிவுகளாக்கும் முறையை முன்வைத்தனர். நுண்ணோக்கியின் முன் அமர்ந்த வல்லுநர்களே இவ்வளவு வேறுபடுவரெனில், மீன்கடை வாசலில் நாம் வழங்கும் தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான கட்டி ஒன்றும் உண்டு. தெருநாய்களை அறிந்தவர் அதனையும் அறிவர். பிறப்புறுப்பில் பூக்கோசைப் போல் சிவந்து, குருதி கசியும் கட்டி அது. கண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். இனிப் பிழைக்காது என்று விட்டுவிடுவர். புணர்ச்சியின் வழியே ஒரு நாயின் புற்றுயிரணுக்களே இன்னொரு நாய்க்குத் தாவி அங்கு வளர்வதால் உண்டாவது அது. 1876-இல் உருசியாவில் நோவின்ஸ்கி ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இதனை ஒட்டி வளர்த்துக் காட்டினார். 2019-இல் 43 நாடுகளின் 546 கட்டிகளை ஆராய்ந்த மரபணு ஆய்வொன்று, இவையெல்லாம் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே நாயின் புற்றிலிருந்து வந்தவை என்று கணித்தது. காண்பதற்கு இவ்வளவு கொடிய இக்கட்டி, வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. வின்கிரிஸ்டின் எடுக்கப்படுவது நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து.

எங்கள் வீட்டில் மென்மையாக நகர்ந்த கட்டி உயிரைக் கொண்டது. தெருவில் குருதி ஒழுகும் கட்டி ஒரு பூச்செடியின் மருந்துக்குக் கரைகிறது. கண்ணையும் கையையும் நம்பினால் முன்னதைக் கைவிடுவோம், பின்னதையும் கைவிடுவோம். ‘கொழுப்புக் கட்டிதான்’ என்னும் ஆறுதலும் ‘கேன்சர்’ என்னும் பெருமூச்சும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே நாயை மருத்துவரிடம் கொண்டுசெல்லும் கடமையிலிருந்து நம்மை விடுவிக்கின்றன.

செய்யத்தக்கது எளியது. கட்டியைக் கண்ட நாளைக் குறித்து, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். பிசையாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். பட்டாணியைவிடப் பெரிதாகவோ ஒரு மாதத்துக்கும் மேலாகவோ இருந்தால் ஊசியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரைந்து வளர்ந்தாலோ, வீங்கிச் சுருங்கினாலோ, புண்ணானாலோ ஒரு மாதம் காத்திருக்க வேண்டா. மருத்துவர் அழுத்திப் பார்த்துக் ‘கொழுப்பு’ என்றால், “ஊசியிட்டுப் பார்த்துவிடலாமா?” என்று பணிவோடு கேளுங்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. சில நிமிட வேலை.

பூரியை ஒரு ஞாயிறன்று ஆட்டோவில் ஏற்றிச் சென்றோம். ஐ.என்.ஏ.வுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் எய்ம்ஸ். கோப்புகளைக் கையில் ஏந்தி, கட்டியின் பெயரை அறிய நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்திறங்கும் இடம் அது. அதன் வாயிலைக் கடந்து நாங்கள் ஒரு சிறிய கால்நடை மருத்துவமனைக்குச் சென்றோம். மீன்காரரும் உடன் வந்தார். பூரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டவர் அவரே. மருத்துவர் கட்டியை அளந்தார். மூன்று இடங்களில் ஊசியைச் செலுத்தி, உறிஞ்சியதைக் கண்ணாடியில் பரப்பினார். வெளிச்சத்தில் பிடித்தபோது அது நெய் தடவியதைப் போலப் பளபளத்தது. சுசுருதரை நினைத்துக்கொண்டேன். சாயமேற்றி நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். கொழுப்பு உயிரணுக்கள் மட்டுமே இருந்தன. குருணை கொண்டவை ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கச் சொன்னார். அன்று நான் கொடுத்த கட்டணம், மீன் வாங்க வைத்திருந்த பணத்தைவிடச் சற்றே கூடுதல்.

“நான்தான் முதலிலேயே சொன்னேனே, சர்பி என்று” என மீன்காரர் திரும்பும் வழியெல்லாம் சிரித்தார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் மருத்துவரும் அதே உறுதியோடுதான் சொன்னார்.

மறுவாரம் சென்றபோது மீன்காரர் தம் கல்லாப்பெட்டியின் மூடியில் பூரியின் கட்டியின் அளவையும் நாளையும் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்.